17 ஸ்ட்ரைக்அவுட்டுக்குப் பிறகு பந்தை விடக் கற்றுக்கொண்ட கதை

பேஸ்பால் வீடியோ கேமில் ஆன்லைனில் ஆடிய ஆட்டம் 11-0 என்று முடிந்தது. பூஜ்யம் என் பக்கம். ஒன்பது இன்னிங்ஸில் 27 அவுட், அதில் 17 ஸ்ட்ரைக்அவுட், அதாவது மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட் ஆனது. பந்தை அடிக்கப் போய்த் தவறவிட்டால் அது ஒரு ஸ்ட்ரைக். எதிரில் ஆடியவன் ஒன்றும் பெரிய சூரன் இல்லை. ஒரே பந்தை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டான், நானும் திரும்பத் திரும்ப அதை அடிக்கப் போய்த் தவறவிட்டேன். கன்ட்ரோலரைத் தூர வைத்துவிட்டு, பொத்தான் சரியில்லை, நெட் சரியில்லை, இந்த கேமே சரியில்லை என்று ஒரு சுற்றுப் புலம்பினேன். அப்புறம் ஒரு வேலை செய்தேன். அதுதான் உருப்படியான வேலை. அந்த 17 ஸ்ட்ரைக்அவுட்டையும் ரீப்ளேயில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

ஹோம் பிளேட் என்பது பேட்டர் பக்கத்தில் நிற்கும் தரைத் தட்டு. அதற்கு மேலே, பேட்டரின் முழங்காலுக்கும் மார்புக்கும் நடுவே உள்ள கற்பனைக் கட்டம்தான் ஸ்ட்ரைக் ஸோன்; அதற்குள் வரும் பந்தை அடிக்காமல் விட்டாலும் ஸ்ட்ரைக். 12 முறை, நான் கடைசியாக மட்டையைச் சுழற்றிய பந்து அந்த ஸோனுக்கு வெளியே போயிருந்தது. சும்மா நின்றிருந்தால் அது 'பால்', அதாவது வீசியவன் கணக்கில் ஒரு தவறு. சிலவற்றில் பந்து ஹோம் பிளேட்டுக்கு முன்னாலேயே மண்ணில் குத்தியிருந்தது. ஆக, எனக்குப் பந்தை அடிக்கத் தெரியவில்லை என்பது இரண்டாவது பிரச்சினை. எதை அடிக்கக் கூடாது என்று தெரியவில்லை என்பதுதான் முதல் பிரச்சினை.

நான் ஆடுவது, எம்.எல்.பி. என்ற வட அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால் லீக்கின் பெயரில் வரும் எம்.எல்.பி. தி ஷோ. 2006-இல் பிளேஸ்டேஷனில் தொடங்கி, 2021-இல் எக்ஸ்பாக்ஸுக்கும் அடுத்த ஆண்டு ஸ்விட்ச்சுக்கும் வந்த தொடர். மற்ற பேஸ்பால் கேம்களில் பொத்தான்களும் பெயர்களும் மாறும். பந்தை அடிக்கும் சிக்கல் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

என் சிக்கலின் வேர் கிரிக்கெட்டில் இருந்தது என்று இப்போது தெரிகிறது. சின்ன வயதிலிருந்து பார்த்து, ஆடிப் பழகிய கண் அது. கிரிக்கெட்டில் பந்து தரையில் குத்தும். குத்தும் இடம்தான் பாதிச் சேதியைச் சொல்லும். குத்தாமல் நேராக வந்தால் அது ஃபுல்டாஸ், கும்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டிய பரிசு. பேஸ்பாலில் எல்லாமே ஃபுல்டாஸ்தான். என் மூளை ஒவ்வொரு பந்தையும் பரிசாகவே பார்த்தது. கூடவே ஆடிக்கொண்டிருந்த நண்பன் ஒருநாள் கேட்டான்: “ஏன்டா எல்லாத்தையும் அடிக்கிற? ஓவர் முடியப் போகுதா?” அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இங்கே ஓவர் கிடையாது. நான்கு 'பால்' சேர்ந்தால் சும்மாவே முதல் பேஸுக்குப் போகலாம். பொறுமைக்குக் கூலி உள்ள ஆட்டம் இது. நான் அந்தக் கூலியை வாங்கவே இல்லை.

இன்னொரு தவறான எண்ணமும் இருந்தது. பந்து வரட்டும், நன்றாகப் பார்த்துவிட்டு அடிப்போம் என்று நினைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் அது நடக்காத காரியம் என்று புரிந்தது. பந்து வீசும் பிட்சர் நிற்கும் இடத்துக்கும் ஹோம் பிளேட்டுக்கும் 60 அடி 6 அங்குலம், அதாவது 18.44 மீட்டர். ஆனால் அவர் முன்னால் எட்டி வைத்து வீசுவதால், பந்து கையை விடும்போது மிச்சம் இருப்பது 55 அடி போல. மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் ஃபாஸ்ட்பால் அந்தத் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 0.4 விநாடி. திரை விநாடிக்கு 60 ஃப்ரேம் காட்டினால், பந்தின் மொத்த ஆயுள் 24 ஃப்ரேம். கண்ணில் பட்டது கைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும். ஆக, முதல் 12 ஃப்ரேமுக்குள் முடிவெடுத்தாக வேண்டும். பந்து பாதி வழியில் இருக்கும்போதே மனசு தீர்ப்பு எழுதியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு கண் பார்ப்பதெல்லாம் வேடிக்கை.

அந்தக் கணக்கோடு இன்னொன்றையும் போட்டுப் பாருங்கள். சேஞ்ச்அப் என்பது ஃபாஸ்ட்பால் மாதிரியே புறப்பட்டு மெதுவாக வரும் பந்து. 85 மைல் வேகத்தில் வரும் சேஞ்ச்அப், அந்த ஃபாஸ்ட்பாலைவிட 0.05 விநாடிக்கும் குறைவாகத்தான் தாமதமாக வரும். மூன்று ஃப்ரேம். அந்த மூன்று ஃப்ரேமுக்குள்தான் என்னுடைய பாதி மானம் போய்க்கொண்டிருந்தது.

இங்கே ஒரு கிளைக் கதை. மேலே சொன்னதெல்லாம் திரை சரியாக இருந்தால்தான். நான் ஆடிக்கொண்டிருந்த டிவியில் படத்தை அழகாக்கும் அமைப்புகள் எல்லாம் போட்டபடியே இருந்தன. அசைவை வழவழப்பாக்குவது, இரைச்சலை நீக்குவது என்று ஒவ்வொன்றுக்கும் டிவி கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும். அதனால் பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் அது தெரிவதற்கும் நடுவே 50 மில்லிவிநாடி போகலாம், பல டிவிகளில் 100-ஐயும் தாண்டும். சினிமா பார்க்கும்போது இது ஒரு பொருட்டே இல்லை. 12 ஃப்ரேமுக்குள் முடிவெடுக்க வேண்டிய இடத்தில் மூன்று முதல் ஆறு ஃப்ரேமை டிவியே விழுங்கிவிட்டால் என்ன மிஞ்சும்? பெரும்பாலான டிவிகளில் கேம் மோட் என்று ஒன்று அமைப்புகளுக்குள் எங்காவது ஒளிந்திருக்கும். அதைப் போட்டேன்.

போட்டதும் ஆட்டம் சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். நடந்தது வேறு. ஒரு வாரம் எல்லாப் பந்தையும் முன்கூட்டியே அடித்தேன். ஒவ்வொரு ஸ்விங்குக்கும் பின்னால் கேம் காட்டும் குறிப்பில் “வெரி எர்லி”, “வெரி எர்லி” என்று வரிசையாக வந்தது. ஏனென்றால் இத்தனை மாதமும் அந்தத் தாமதத்தை ஈடுகட்ட, பந்து கையை விடும் முன்பே அடிக்கத் தொடங்கும் பழக்கம் விரலில் ஊறியிருந்தது. அதாவது நான் பந்தைப் பார்த்து அடிக்கவே இல்லை, சூதாடியிருக்கிறேன். உங்கள் குறிப்புகளில் சேஞ்ச்அப்புக்கு எப்போதும் எர்லி, ஃபாஸ்ட்பாலுக்கு எப்போதும் லேட் என்று வந்தால் நீங்களும் சூதாடுகிறீர்கள் என்று அர்த்தம். பயிற்சியைத் தொடங்கும் முன் திரையைச் சரிசெய்துவிடுங்கள். இல்லாவிட்டால் தவறான தாளத்தை உருப்போட்டு, பிறகு அதை மறக்க அதே அளவு நாள் செலவாகும். எனக்கு ஆனது.

சரி, கண்ணுக்கு வருவோம். இதில்தான் எனக்குப் பெரிய மாற்றம் வந்தது.

நான் பயன்படுத்தும் ஸோன் ஹிட்டிங் முறையில், இடது ஸ்டிக்கால் ஒரு சின்ன வளையத்தை நகர்த்திப் பந்து வரும் இடத்தில் வைக்க வேண்டும். பி.சி.ஐ. என்பார்கள். பந்து அந்த வளையத்தின் நடுவில் பட, டைமிங்கும் பொருந்தினால் நல்ல அடி. நான் என்ன செய்தேன் என்றால், அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வளையம் எங்கே இருக்கிறது, எங்கே போகிறது என்று கண் அதன் பின்னாலேயே அலைந்தது. பந்து திடீரென்று எங்கிருந்தோ முளைத்து வருவது போல் இருக்கும். இருக்காதா பின்னே? பந்து புறப்படும் இடத்தை நான் பார்க்கவே இல்லையே.

லெக்ஸ்பின்னரின் கூக்ளியைக் கையிலேயே படிக்க வேண்டும் என்று கிரிக்கெட் வர்ணனையில் ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். அதே பாடம்தான் இங்கேயும். பிட்சரின் கை பந்தை விடும் இடம் ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ மாறாது. சிலர் தலைக்கு மேலிருந்து வீசுவார்கள், சிலர் தோளுக்குப் பக்கத்திலிருந்து, சிலர் இடுப்பு உயரத்தில் பக்கவாட்டில். முதல் இரண்டு பந்திலேயே அந்த இடத்தை மனசில் ஒரு சின்ன ஜன்னலாகக் குறித்துக்கொள்கிறேன். பிட்சர் காலைத் தூக்கும்வரை பார்வையைச் சும்மா அவர் தொப்பியில் வைத்திருப்பேன். கை சுழன்று வரும்போது பார்வை ஜன்னலுக்குப் போகும். முதலிலிருந்தே ஜன்னலை முறைத்துப் பார்த்தால் கண் சோர்ந்துவிடுகிறது. வளையத்தைப் பார்ப்பதே இல்லை. அது எங்கே இருக்கிறது என்று கட்டை விரலுக்குத் தெரியும். இருட்டில் சுவிட்ச் போடக் கை தேடாமல் போகிறதே, அது மாதிரி.

கேமராவையும் சொல்ல வேண்டும். அழகான கோணம் வேறு, அடிக்க உதவும் கோணம் வேறு. மைதானம், கூட்டம், வானம் எல்லாம் தெரியும் கோணத்தில் பந்து கடுகு மாதிரி இருக்கும். ஸ்ட்ரைக் ஸோன் என்று பெயர் உள்ள கேமராக்கள் பேட்டரின் பின்னால் நெருங்கி நிற்கும், பந்து பெரிதாகத் தெரியும். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு மாற்றாமல் இருப்பதுதான் முக்கியம். தோற்ற ஒவ்வொரு நாளும் நான் கேமராவை மாற்றிக்கொண்டிருந்தேன், தலைவலிக்குத் தலையணையை மாற்றுவது போல.

ஜன்னலைப் பார்க்கத் தொடங்கிய பிறகு பந்துகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தன. நான் படித்த வரிசையிலேயே சொல்கிறேன்.

கர்வ்பால்தான் முதலில் பிடிபட்டது. கையை விட்டதும் லேசாக மேலே துள்ளும். ஃபாஸ்ட்பால் ஒருபோதும் அப்படித் துள்ளாது. அந்தத் துள்ளலைப் பார்த்த உடனே மனசு “விடு” என்று சொல்லப் பழகினால் போதும், பாதிக் கர்வ்பால்கள் தாமாகவே கீழே விழுந்து 'பால்' ஆகிவிடும். துள்ளல் வழக்கத்தைவிட உயரமாக, கண்ணுக்கு மேலே கிளம்பினால் மட்டும் கவனம். அது இறங்கி ஸோனுக்குள் வந்து உட்காரும். அதுதான் அடிக்கத் தகுந்த கர்வ்பால்.

ஸ்லைடர் அயோக்கியத்தனமானது. முக்கால் வழி ஃபாஸ்ட்பால் வேடம் போட்டுவிட்டுக் கடைசியில் பக்கவாட்டில் கீழே சறுக்கும். நிஜ ஆட்டக்காரர்கள், சுழலும் தையல் ஒரு சிவப்புப் புள்ளியாகத் தெரியும், அதை வைத்து ஸ்லைடரைக் கண்டுபிடிக்கிறோம் என்பார்கள். பேஸ்பாலின் தோலில் 108 ஜோடிச் சிவப்புத் தையல் உண்டு. என் திரையில் அந்தப் புள்ளியை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அதனால் வேறு வழி தேடினேன். வலக்கை பிட்சர் வலக்கை பேட்டருக்குப் போடும் ஸ்லைடர் பேட்டரை விட்டு விலகி ஓடும். அப்படியானால் நடுவிலிருந்து புறப்பட்ட மாதிரி தெரியும் ஸ்லைடர் வெளியேதான் போய் முடியும். உடம்பை நோக்கி வருவது போல் புறப்படுவதுதான் ஸோனுக்குள் வரும். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்ட பிறகு, நடு-வெளிப் பக்கமாகச் சற்றே வேகம் குறைந்து வரும் எதையும் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன். சில நல்ல ஃபாஸ்ட்பால்கள் கைநழுவிப் போகும். போகட்டும்.

இடக்கை பேட்டராக இருந்தால் கணக்குத் தலைகீழ். வலக்கை பிட்சரின் ஸ்லைடர் உள்ளே நோக்கி வரும், கையிலிருந்து பந்து புறப்படுவதும் இன்னும் தெளிவாகத் தெரியும். முடிந்தவரை எதிர்க்கை பேட்டரை அனுப்புவது நிஜ ஆட்டத்தில் பழைய தந்திரம். கேமிலும் பேட்டரின் திறன்களை வலக்கை, இடக்கை பிட்சருக்கு எனத் தனித்தனி எண்ணாகக் கொடுத்திருப்பார்கள். நான் ரொம்ப நாள் அந்த எண்களைப் பார்க்காமலேயே பெயர் பெற்ற ஆட்டக்காரர்களை வரிசையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

சிங்கர் ஃபாஸ்ட்பாலின் தம்பி. பிட்சரின் கைப்பக்கமாகச் சாய்ந்து இறங்கும். அதை அடிக்கும்போது வளையத்தைப் பந்து தெரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே வைக்க வேண்டும். இல்லையென்றால் மட்டை பந்தின் தலையில் பட்டு, தரையோடு உருண்டு போகும்.

சேஞ்ச்அப் பற்றி எழுதப் பெரிதாக இல்லை, ஏனென்றால் இன்றுவரை எனக்கு அது சரியாகத் தெரிவதில்லை. கை, கோணம், புறப்பாடு எல்லாம் ஃபாஸ்ட்பால் மாதிரியேதான். வேகம் மட்டும் 8, 10 மைல் குறைவு. கண்ணால் பிடிக்க முடியாததைச் சூழ்நிலையால்தான் பிடிக்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

இதையெல்லாம் ஆட்டத்துக்குள் கற்க முடியாது. ஆட்டத்தில் அடிக்கும் ஆசை வந்துவிடும். கஸ்டம் பிராக்டிஸ் என்ற பயிற்சிப் பகுதியில் ஒரு பிட்சரைத் தேர்ந்தெடுத்து, அவர் போட வேண்டிய பந்து வகைகளையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். அங்கே நான் செய்த பயிற்சி கேட்கச் சிரிப்பாக இருக்கும்: அடிக்கவே இல்லை. கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டேன். பந்து கேட்சரின் கையுறைக்குப் போகும் முன் அதன் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். முதல் மூன்று நாள் ஃபாஸ்ட்பாலும் கர்வ்பாலும் மட்டும். அப்புறம் ஸ்லைடரைச் சேர்த்தேன். நாளுக்கு 100 பந்து, கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. “ஃபாஸ்ட், ஃபாஸ்ட், கர்வ், ஃபாஸ்ட்...” அக்கா அறைக்குள் எட்டிப் பார்த்து, “யார்கிட்டடா பேசிட்டிருக்க?” என்றாள். விளக்கிச் சொன்னேன். விளக்காமலே இருந்திருக்கலாம் என்று அவள் முகம் சொன்னது.

வாய்விட்டுச் சொல்வதில் ஒரு பலன் உண்டு. மனசுக்குள் சொன்னால், பந்து போன பிறகு “நான் கர்வ் என்றுதான் நினைத்தேன்” என்று நம்மையே ஏமாற்றிக்கொள்ளலாம். வாயில் வந்ததை மாற்ற முடியாது. முதல் நாள் 100-இல் பாதிகூடச் சரியில்லை. இரண்டாம் வாரம் ஃபாஸ்ட்பால்-கர்வ்பால் ஜோடியில் தவறுவது அபூர்வமாகிவிட்டது. ஸ்லைடர் சேர்ந்ததும் மறுபடி சறுக்கல்.

அடுத்த கட்டத்தில் “அடி”, “விடு” என்ற இரண்டு சொல் மட்டும். பெயர் எதுவாக இருந்தாலும் ஸோனுக்குள் வருமா, வராதா? உண்மையில் ஆட்டத்துக்குத் தேவையான கேள்வி இதுதான். நேரே இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கிப் பார்த்தேன், வரவில்லை. பெயர் தெரிந்தால்தான் பந்து எங்கே போய் முடியும் என்று ஊகிக்க முடிகிறது.

கடினநிலை விஷயத்தில் ஒரு தவறு செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். உயர்ந்த நிலையில் பயிற்சி செய்தால் தாழ்ந்த நிலை எளிதாகிவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, லெஜண்ட் நிலையில் 100 மைல் ஃபாஸ்ட்பாலாகப் போட்டுப் பயிற்சி செய்தேன். அங்கிருந்து ஆல்-ஸ்டார் நிலைக்கு இறங்கி ஆடியபோது பந்துகள் நீந்தி வந்தன. சந்தோஷமாக முன்கூட்டியே சுழற்றி, எல்லாவற்றையும் ஃபௌல் கோட்டுக்கு வெளியே அனுப்பினேன். இப்போது ஆடப்போகும் நிலைக்கு ஒரு படி மேலே மட்டும் பயிற்சி. ஆட்டத்துக்கு முன் அதே நிலையில் பத்துப் பந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவது.

கட்டை விரலுக்கு வருகிறேன். ஸ்டிக்கைத் தள்ளும் அளவில்தான் எனக்கு ரொம்ப நாள் கோளாறு. உயரமாக வரும் ஃபாஸ்ட்பாலைக் கண்டதும் விரல் பதறி முழுக்க மேலே தள்ளிவிடும். வளையம் பந்தைத் தாண்டிப் போய்விடும், மட்டை பந்தின் மேல்பக்கத்தை உரசும். ரீப்ளேயில் பார்த்தால், பெரும்பாலும் நான் தள்ளியதில் பாதி தள்ளியிருந்தாலே போதும். ஸ்ட்ரைக் ஸோன் ஒன்றும் பெரிய இடம் இல்லை. ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம், அதில் ஏறக்குறைய 3 அங்குல விட்டமுள்ள பந்து. நடுவிலிருந்து எந்த மூலைக்கும் போக விரல் அசைவு கொஞ்சம்தான். விரல் நுனியை ஸ்டிக்கின் நடுவில் அழுத்தாமல் விளிம்பில் லேசாக வைத்துப் பழகினேன், பதற்றம் குறைந்தது. பந்து வரும் என்று எதிர்பார்க்கும் பக்கத்தில் வளையத்தை முன்கூட்டியே நிறுத்தி வைக்கும் ஆங்கர் வசதியும் 2021 முதல் இருக்கிறது. அதை எப்போதும் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. எனக்கு இரண்டு ஸ்ட்ரைக் ஆகும்வரை மட்டும் அது உதவுகிறது.

பலத்தைக் கூட்டி அடிக்கும் பவர் ஸ்விங்கைப் பற்றி ஒரே வார்த்தை: விட்டுவிடுங்கள். வளையம் சுருங்கும், டைமிங் பிழைக்கு மன்னிப்புக் குறையும். சாதாரண ஸ்விங்கிலேயே நடுவில் பட்டால் பந்து வேலியைத் தாண்டுகிறது.

இப்போது சேஞ்ச்அப்புக்கும் சூழ்நிலைக்கும். ஒரு பேட்டருக்கு இதுவரை எத்தனை 'பால்', எத்தனை ஸ்ட்ரைக் என்ற எண்ணிக்கைதான் கவுன்ட்; முதல் எண் 'பால்', இரண்டாவது ஸ்ட்ரைக். பேஸ்பாலில் கவுன்ட் என்பது கிட்டத்தட்ட ஒரு பேச்சுவார்த்தை. 2-0, 3-1 என்று 'பால்' கூடுதலாக இருக்கும்போது பிட்சருக்கு ஸ்ட்ரைக் போட்டே ஆக வேண்டிய நெருக்கடி. பெரும்பாலானவர்கள் தங்களுக்கு நம்பிக்கையான பந்தை, அதாவது பெரும்பாலும் ஃபாஸ்ட்பாலை, ஸோனுக்குள் போடுவார்கள். 0-2 என்றால் அவர் கை ஓங்கியிருக்கிறது. அப்போது நல்ல பந்து போட அவருக்கு அவசியமே இல்லை. மண்ணில் விழும் ஸ்லைடர், கண்ணுக்கு மேலே போகும் ஃபாஸ்ட்பால் என்று தூண்டில் போடுவார். என்னுடைய அந்த 12 ஸ்ட்ரைக்அவுட்டும் இந்தத் தூண்டில்கள்தான்.

டெட் வில்லியம்ஸ் இதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கணக்காகப் போட்டு வைத்திருக்கிறார். 1941-இல் .406 சராசரியில், அதாவது பத்து வாய்ப்பில் நான்குக்கு மேல் வெற்றிகரமாக அடித்தவர். அவர் ஸ்ட்ரைக் ஸோனை 77 பந்துகள் அடங்கும் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு இடத்தில் வரும் பந்தையும் தான் எந்தச் சராசரியில் அடிப்பேன் என்று எண் எழுதினார். நடுவில் .400. கீழே வெளி மூலையில் .230. ஒரே மனிதர், ஒரே மட்டை. ஸ்ட்ரைக்காகவே இருந்தாலும் எல்லா ஸ்ட்ரைக்கும் அடிக்கத் தகுந்தது இல்லை என்று அந்த மகா ஆட்டக்காரரே ஒப்புக்கொண்டிருக்கிறார். நான் மட்டும் 77 கட்டத்தையும் அதற்கு வெளியே இன்னொரு 77-ஐயும் சேர்த்து அடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து எனக்கென்று ஒரு விதி வைத்தேன். இரண்டு ஸ்ட்ரைக் ஆகும்வரை ஒரு பந்து வகை, ஸோனில் ஒரு பாதி. உதாரணமாக உள்பாதியில் ஃபாஸ்ட்பால். அது வந்தால் அடி. வேறு எது வந்தாலும், ஸ்ட்ரைக் என்றாலும் விடு. சேஞ்ச்அப் வந்து என்னை முட்டாளாக்கினால் ஆக்கட்டும், ஒரு ஸ்ட்ரைக்தானே. இந்த விதியைக் கடைப்பிடிக்கத் தொடங்கியபோது நடுவில் வந்த அருமையான பந்துகளை வாயைப் பிளந்துகொண்டு வழியனுப்பியதும் உண்டு. இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு ஆசை எல்லாம் போய்விடும். பலத்தைக் குறைத்துப் பந்தைத் தொடுவதை எளிதாக்கும் கான்டாக்ட் ஸ்விங்குக்கு மாறி, ஸோனுக்கு அருகில் வரும் எதையும் தட்டிவிடப் பார்ப்பேன். ஃபௌலாகப் போனாலும் நல்லது, பிட்சருக்கு இன்னொரு பந்து செலவு, எனக்கு இன்னொரு பந்து பார்க்கும் வாய்ப்பு.

மனிதர்களோடு ஆன்லைனில் ஆடும்போது இது இன்னும் சுவாரசியமாகும். கம்ப்யூட்டரைவிட மனிதர்களைப் படிப்பது எளிது என்பது என் கட்சி. முதல் சுற்றில் ஒன்பது பேட்டருக்கும் முதல் பந்தை அடிக்காமல் விடுவேன். 0-2-இல் என்ன போடுகிறான், 3-1-இல் என்ன போடுகிறான் என்று மனசில் குறித்துக்கொள்வேன். நான்காவது இன்னிங்ஸுக்குள் பலருடைய பழக்கம் தெரிந்துவிடும். பெரும்பாலானவர்கள் ஒருமுறை பலித்த வித்தையைப் பலிக்காமல் போகும்வரை விட மாட்டார்கள். ஆனால் எதிரியும் நம்மைப் படிப்பான். ஒருவன் நான் முதல் பந்தை விடுவதைக் கவனித்துவிட்டு, ஒவ்வொரு பேட்டருக்கும் முதல் பந்தாக நட்ட நடுவில் லட்டு மாதிரி ஃபாஸ்ட்பால் போட்டு இலவசமாக ஒரு ஸ்ட்ரைக் வாங்கிக்கொண்டே இருந்தான். ஆறாவது இன்னிங்ஸில்தான் எனக்கு உறைத்தது. அதற்குள் 5-1.

இத்தனைக்கும் பிறகு நான் எல்லா ஆட்டமும் ஜெயிக்கிறேனா என்றால், இல்லை. 2024-இல் எம்.எல்.பி. முழுவதன் பேட்டிங் சராசரியே .243. நிஜத்தில், வாழ்க்கையையே இதற்குக் கொடுத்தவர்கள் நான்கு முறையில் மூன்று முறை தோற்கிறார்கள். கேமிலும் டைமிங்கும் இடமும் கச்சிதமாகப் பொருந்திய அடி நேரே ஃபீல்டர் கையில் போய் உட்காருவது உண்டு. அப்போது கத்துவேன், அது உடம்புக்கு நல்லது. ஆனால் ஆட்டம் முடிந்து நான் பார்க்கும் எண் சராசரி இல்லை. ஸோனுக்கு வெளியே எத்தனை பந்துக்கு மட்டையைச் சுழற்றினேன் என்று ஒரு பழைய நோட்டில் எழுதி வைக்கிறேன். தொடங்கிய மாதம் ஓர் ஆட்டத்துக்கு 20, 25 என்று இருந்தது. இப்போது எட்டு, ஒன்பது. தூக்கம் வரும் இரவுகளில் அது மறுபடி 15 ஆகிவிடுகிறது. அதனால் பதினொரு மணிக்கு மேல் ரேங்க் ஆட்டம் ஆடுவதில்லை.

போன வாரம் அதே ஆள் மறுபடி கிடைத்தான், 11-0 போட்டவன். பெயரைப் பார்த்ததுமே வயிற்றில் ஒரு சங்கடம். ஒன்பதாவது இன்னிங்ஸ், 3-3, இரண்டு அவுட், மூன்று பேஸிலும் ஆள். கவுன்ட் 3-2. இன்னொரு 'பால்' என்றால் எல்லாரும் ஒரு பேஸ் நகர்ந்து எனக்கு ஒரு ரன். அவனுக்குப் பிடித்த பந்து எது என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியுமா என்பதுதான் தெரியாது. கை சுழன்றது. ஜன்னலிலிருந்து பந்து நடு-வெளிப் பக்கமாகப் புறப்பட்டது, ஃபாஸ்ட்பாலைவிட ஒரு துளி மெதுவாக. கட்டை விரல் துடித்தது. வலது விரல் பொத்தானின் மேலேயே நின்றது. பந்து சறுக்கி, கீழே இறங்கி, மண்ணில் குத்தி, கேட்சரின் கையுறையில் போய் விழுந்தது. பால் நான்கு. மூன்றாம் பேஸில் இருந்தவன் ஹோம் பிளேட்டுக்கு நடந்தே வந்தான்.